தலையில் வைத்த கை

கொட்டாஞ்சேனையில் தவமலரைத் தெரியாதவர்கள் குறைவு. மீன் விற்பவர்கள் அவரைப் பாஸ்டரம்மா என்பார்கள். பக்கத்து முஸ்லிம் வீட்டு ஜவாஹிறா மலர் என்று கூப்பிடுவார். ஒருகொடவத்தையில் லொறிக்காரரின் பெண்சாதிமாருக்கு அவர் வெறும் அம்மா. வெள்ளவத்தையில் தலைமையகம் வைத்திருக்கும் மிஷன் சங்கத்தில் மட்டும் அவருக்குப் பெயரே கிடையாது. அங்கே அவர் சாலமன் போதகரின் துணைவியார். போன மாசியில் போதகர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபிறகு, காலஞ்சென்ற சாலமன் போதகரின் துணைவியார். பெயர் நீண்டதே தவிர, ஆள் இன்னும் அதற்குள்ளே போய்ச் சேரவில்லை. அந்தச் சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் ஜெபம் பண்ணிக்கொண்டே சண்டைக்கு வருவார்கள்.

சங்கத்துக்கு ஒரு பழைய பிடிவாதம் உண்டு. கலியாணம் முடிக்காத ஆணை எந்த ஊருக்கும் ஊழியத்துக்கு அனுப்பாது. தனி ஆள் போனால் ஊர் வாய் சும்மா இராது, சட்டியில் சோறு இராது, பெண்கள் இருக்கும் பக்கம் கதவு திறக்காது என்று காரணம் சொல்வார்கள். இது அவர்கள் கண்டுபிடித்த ஞானமல்ல. அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமார் கப்பலேறி வந்த காலத்துப் பழக்கம். அந்த நாளில் அதே நாட்டுக்காரர் தங்கள் தேசத்தின் மேற்கெல்லைக்கும், மலைகளுக்கு அப்பால் பூர்வகுடிகள் வாழ்ந்த இடங்களுக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் சோடியாகத்தான் போகவேண்டும். போக ஆசைப்பட்ட வாலிபர்கள் அவசரம் அவசரமாகப் பெண் தேடினார்கள். போக ஆசைப்பட்ட பெண்களை எவரும் தனியே விடமாட்டார்கள் என்பதால், அவர்களும் சரியாக முகம் பாராத மாப்பிள்ளைக்குத் தலையாட்டினார்கள். தாலி கட்டாத அந்த நாட்டில் மோதிரம் போட்ட கையோடு குதிரையில் ஏறி மாதக்கணக்கில் போனார்கள். போன இடத்தில் படிப்பித்தார்கள், துணி வெளுத்தார்கள், பெற்றார்கள், பெற்றதில் சிலதைப் புதைத்தார்கள். நியமனம் மட்டும் புருஷன் பெயரில் இருந்தது.

தவமலரின் கலியாணமும் அந்தச் சாதிதான். மானிப்பாயில் சங்கீத ரீச்சராக இருந்தார். சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம் அது. சாலமனுக்குக் கொட்டாஞ்சேனை என்று தீர்மானமாகிவிட்டது, மனைவி யார் என்பதுதான் இன்னும் தீர்மானமாகவில்லை. அன்றைய தலைவர் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார். பெண் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றது.

"அங்க எனக்கு என்ன வேலை ஐயா?"

"போதகரம்மாவா இருக்கிறதுதான், பிள்ளை, வேலை," என்றார் தலைவர்.

"அது ஒரு வேலையே?"

தலைவர் தேத்தண்ணியைப் பார்த்தார். சாலமன்தான் வாயைத் திறந்தார். "எனக்குப் பாட வராது. பொம்பிளையள் அழுதா என்ன கதைக்கிறதெண்டும் தெரியாது. அதெல்லாம் ஆரும் செய்யோணும். நான் தனியப் போனா ஊழியம் பாதியிலதான் நிக்கும்."

அந்த ஒரு பேச்சுக்காகத் தவமலர் அவரைக் கட்டினார். பிற்காலத்தில் கோபம் வரும்போதெல்லாம், என்னைப் பாதி வேலைக்குத்தான் கட்டினவர், மிச்சப் பாதியையும் நான்தான் செய்யிறன் என்று ஜவாஹிறாவிடம் சொல்லிச் சிரிப்பார். சாலமன் நல்ல மனுஷன். கூட்டங்களில் எழும்பி நின்று, "நாங்கள் செய்தம்" என்றுதான் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் காதில் அது 'நான்' என்று விழுந்தது. அதைத் திருத்த அவருக்குத் தைரியம் போதவில்லை, அதற்காகத் தவமலர் அவரை முழுதாக மன்னித்ததுமில்லை.

வெள்ளவத்தைச் சேர்ச்சில் அனுப்பும் ஆராதனை நடந்தது. சங்கத்தின் வழக்கப்படி கணவனும் மனைவியும் முன்னால் முழங்காலில் நிற்பார்கள். போதகர்மார் சுற்றி நின்று இருவர் தலையிலும் கை வைத்து ஜெபிப்பார்கள். அந்தக் கையோடுதான் ஊழியம் தொடங்கும். தவமலரின் தலையில் பல கைகள் விழுந்தன. அதில் ஒரு கை இளம் போதகர் தியோப்பிலஸின் கை. அவருடைய கைமணிக்கூட்டுப் பட்டியில் புதுப்பெண்ணின் கூந்தல் சிக்கி, ஆமென் சொல்லி இழுத்தபோது சில மயிரும் கூடப் போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று சபையார் மெச்சிக்கொண்டார்கள்.

ஒருகொடவத்தைக்குப் போகச் சொல்லி அவர்களைச் சங்கம் அனுப்பவில்லை. அங்கே ஏற்றி இறக்கும் யார்டுகளும் கிடங்குகளும் லொறிகளும்தான். ஒரு லொறிக்காரரின் கால் நசுங்கிப்போனது என்று கேள்விப்பட்டு சாலமன் ஜெபிக்கப் போனார். அந்த மனுஷனின் பெண்சாதி டில்ஷானி தலையில் அடித்துக்கொண்டு சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி அழுதார். சாலமனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "கொஞ்சம் இருங்கோ, என்ர மனுசியைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்று ஓட்டோ பிடித்து ஓடிவந்தார். தவமலர் சோற்றுப் பார்சலோடு போய், டில்ஷானியின் பக்கத்தில் தரையில் இருந்து, அழுகை ஓயும் வரை ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகப் பாடினார். போகும்போது டில்ஷானி கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கும் வாங்க அம்மே," என்றார். அதுதான் அழைப்பு. பரலோகத்திலிருந்து தனியாக வேறொன்றும் வரவில்லை.

நாளடைவில் பெண்கள் சேர்ந்தார்கள். யார்டு முதலாளி உலகப்பன் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். இனிக் கப்பலேறாது என்று ஒதுக்கிய கொண்டெய்னர் ஒன்றை, "அம்மா பாட்டுப் படிக்கட்டும்" என்று கொடுத்துவிட்டார். பக்கவாட்டில் வெட்டி ஜன்னல் வைத்தார்கள், தரையில் பாய் விரித்தார்கள். அதுதான் சபை. வெயில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் பிட்டு மாதிரி அவிந்துபோவார்கள் என்பதால் ஒரே ஒரு சட்டம் வைத்தார்கள். இரும்பு சுடும் முன் ஆராதனை முடியவேண்டும். திருவிருந்து கொடுக்க மாதம் ஒருமுறை சாலமன் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் தவமலர்தான்.

அங்கே அவர் அடிக்கடி சொன்ன கதை அந்தக் குதிரைப் பெண்களின் கதைதான். பாதையில் கிடந்து பழகிய லொறிக்காரரின் வீட்டுப் பெண்களுக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. மலை ஏறும்போது வண்டியை அறுத்துப் பாதியாக்கினார்கள், கொண்டுவந்த பெட்டிகளை வழியில் வீசினார்கள் என்றால், எங்கட ஆளும் அப்பிடித்தான் கண்டி ரோட்டில லோட்டை இறக்கினவர் என்பாள் ஒருத்தி. ஒருநாள் டில்ஷானி கேட்டார்: "அம்மே, அங்க இருந்த சனம் இவங்களை வரச்சொல்லிக் கேட்டதா?"

தவமலர் உண்மையைச் சொன்னார். "எங்கயோ ஒண்டிரண்டு பேர் கேட்டிருக்கலாம். கனபேர் கேட்கேல்லை. கேளாமல் போய் அந்தச் சனத்தின்ர நிலத்தில குந்தினதால வந்த வினையும் கனக்க. அதுதான் நான் கூப்பிடாத வீட்டுக்குப் போறேல்லை."

"நாங்க கூப்பிட்டம்தானே," என்றார் டில்ஷானி.

சாலமன் இறந்து சில வாரங்களில் தியோப்பிலஸ் வந்தார். இப்போது அவர்தான் சங்கத்தின் தலைவர். கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில் சாலமனின் கதிரையை விட்டுவிட்டு மற்றதில் இருந்தார். அந்த மரியாதை அவருக்குத் தெரியும்.

"அம்மா, சங்கம் உங்களுக்காக ஜெபிச்சுக்கொண்டிருக்குது."

"சந்தோஷம் ஐயா. ஜெபத்தில என்ன முடிவாச்சு?"

முடிவு இதுதான்: புதிதாக ஒரு சோடி வருகிறது. டிலோஜன் என்ற தம்பியும் அவர் துணைவியாரும். அவர்களுக்கு வீடு வேண்டும். தவமலர் மானிப்பாயில் தமையன் வீட்டுக்குப் போய் ஆறுதலாக இருக்கலாம்.

"வீடு சங்கத்தின்ர. கேட்டா விடத்தான் வேணும்," என்றார் தவமலர். "ஒருகொடவத்தை?"

"அது சாலமன் போதகற்ற ஊழியம். இனி டிலோஜன் பார்ப்பார்."

தவமலருக்கு எரிந்துகொண்டு வந்தது. புருஷன் செத்த அன்றுகூட இப்படி எரியவில்லை. அன்று துக்கம், இது கோபம். இரண்டும் வேறு வேறு அடுப்பு.

"நானும் அங்கயே இருந்து செய்யிறன் எண்டா?"

"நியமனம் பெற்ற ஆள்தான் செய்யலாம் அம்மா. விதவையைத் தனிய வைக்கிற வழக்கம் எங்களிட்ட இல்லை. நீங்கள் நியமனம் பெற்ற ஆளுமில்லை."

"தனி ஆம்பிளையை அனுப்ப மாட்டம் எண்டனீங்கள். அதாலதான் அவர் என்னைக் கட்டினவர். நான் இல்லாட்டி அவருக்கு நியமனமே இல்லை. அப்ப நான் ஆர்?"

"நீங்கள் துணை."

"அண்டைக்கு முழங்காலில நிண்டது ரெண்டு பேர். கை வைச்சது ரெண்டு தலையில. என்ர தலையில உங்கட கையும் இருந்தது ஐயா. உங்கட மணிக்கூட்டில என்ர மயிர் சிக்கினது ஞாபகமோ?"

ஞாபகம் இருந்தது. தியோப்பிலஸ் தன்னையறியாமல் சட்டைக் கையை இழுத்து மணிக்கூட்டை மறைத்தார். "அது ஆசீர்வாதத்துக்கு வைச்ச கை. அவருக்கு வைச்சதுதான் நியமனம்."

"நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான், எனக்கு வித்தியாசம் தெரியேல்லை. வைச்ச கையை எப்ப எடுத்தனீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் மானிப்பாய்க்குப் போறன்."

தியோப்பிலஸ் தேத்தண்ணியை முடிக்காமல் எழும்பினார். அனுப்பும் ஆராதனையை இந்த முறை ஒருகொடவத்தைக் கொண்டெய்னரிலேயே வைப்பதாகவும், அதன் பூட்டுத் திறப்பைத் தவமலர் தன் கையாலேயே புதுப் போதகரிடம் ஒப்படைத்தால் சாட்சியாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா என்பார்கள். இந்தக் கதையில் மூர்க்கம் எந்தப் பக்கம் என்பது பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது.

செய்தி மதில் தாண்டிப் போக வெகுநேரம் எடுக்கவில்லை. ஜவாஹிறா இடியப்பத் தட்டோடு வந்து நின்றார். "நீங்க ஒரு எடமும் போகத் தேவல்ல. எங்கட மேல் ரூம் சும்மாதான் ஈக்கிது. சாமானத் தூக்கிட்டு வாங்க."

"சங்கத்தில கதைப்பாங்கள், சோனக வீட்டில போதகரம்மா எண்டு."

"கதைக்கட்டும். ஒங்கட ஆக்கள் வாடகை தரவா போறாங்க?"

தவமலர் அன்றுதான், அடக்கத்துக்குப் பிறகு முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு முடிய அழுகை வந்தது. ஜவாஹிறா தட்டை வைத்துவிட்டு அழ விட்டார்.

வீடு பார்க்கப் புதுச் சோடி வந்தது. வருகிறவளை வெறுப்பது என்று தவமலர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தார். ரொஷாந்தி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கிருலப்பனைப் பிள்ளை, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். நியமனம் கிடைக்கவேண்டுமென்று கலியாணத்தை முன்னால் இழுத்து வைத்திருக்கிறார்கள், கைமருதாணி இன்னும் முழுதாகப் போகவில்லை. டிலோஜன் குசினிக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மெல்லக் கேட்டாள்.

"அன்ட்டி, எனக்கு அங்க என்ன வேலை? சங்கத்தில கேட்டன். போதகரம்மாவா இருக்கிறதுதான் எண்டு சொன்னவை. ஆஸ்பத்திரி ஜொப்பையும் விடட்டாம்."

இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் சங்கத்தின் மறுமொழி ஒரு சொல் மாறவில்லை. தவமலர் இவள்மேல் வைத்திருந்த கோபத்தை எடுத்து அப்படியே சங்கத்தின் பங்கோடு சேர்த்துவிட்டார்.

"வேலை நிறைய இருக்கு பிள்ளை. அங்க பாரம் தூக்கி இடுப்பு விழுந்த ஆக்கள்தான் கனபேர். உன்ர படிப்பு அந்தச் சனத்துக்கு வேணும். ஜொப்பை விடாத."

ஆராதனை நாள் வந்தது. இரும்பு சுடும் முன் என்று சொல்லித்தான் எல்லோரையும் வரச்சொன்னது. பெண்கள் வந்து பாயில் இருந்துவிட்டார்கள். உலகப்பன் முதலாளி வெளியே பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்தார். வெள்ளவத்தையிலிருந்து வரவேண்டிய போதகர்மாரின் வாகனம் மட்டும் வரவில்லை. வந்து இறங்கியபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. தியோப்பிலஸ் கழுத்துவரை பூட்டிய நீண்ட வெள்ளை அங்கியில் இருந்தார்.

பாட்டு, வேதவாசிப்பு, பிரசங்கம். பிரசங்கத்தில் சாலமன் போதகர் தனியொருவராக இந்த வனாந்தரத்தை உழுதார் என்று வந்தது. பாயில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டில்ஷானி கொஞ்சம் சத்தமாகவே, "அனே, அவர் மாசத்துக்கு ஒருக்காத்தானே வந்த," என்றார்.

பிறகு டிலோஜனும் ரொஷாந்தியும் முன்னால் வந்து முழங்காலில் நின்றார்கள். இருவரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். போதகர்மார் சூழ்ந்தார்கள். தியோப்பிலஸ் வலக்கையை டிலோஜனின் தலையில் வைத்தார், இடக்கையையும் அதே தலையில் வைத்தார். மற்றவர்களுக்கு முன்பே சொல்லி வைத்திருக்கவேண்டும். அத்தனை கையும் அந்த ஒரே தலையில் போய் விழுந்தன. ரொஷாந்தியின் தலை வெறுமையாக இருந்தது.

தவமலருக்கு அப்போதுதான் விளங்கியது. முன்னறையில் தான் கேட்ட கேள்வியைச் சங்கம் மறக்கவில்லை. இனி எந்த விதவையும் அதைக் கேட்காதபடிக்கு, கையை வைக்காமலே விட்டுவிட்டார்கள். தன் வாயால் அந்தப் பிள்ளையின் தலைக்கு வரவேண்டியதும் போனது. ரொஷாந்தி இன்னும் குனிந்தபடி காத்திருந்தாள். கை வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, கழுத்து மெல்லச் சிவந்தது. ஆனாலும் எழும்பவில்லை.

தவமலர் பாயிலிருந்து எழும்பினார். பெண்களுக்கு நடுவே வழி எடுத்துப் போய், போதகர்மாரின் முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்து, ரொஷாந்தியின் தலையில் தன் இரண்டு கையையும் வைத்தார்.

"ஆண்டவரே, இவள் ரொஷாந்தி," என்று தொடங்கினார். "இவளுக்குப் பெயர் இருக்கு. இவளுக்கு வேலையும் இருக்கு. இவளைத்தான் நாங்கள் இந்த இடத்துக்குக் கூப்பிடுறம்."

டில்ஷானி வந்து தவமலரின் தோளில் கை வைத்தார். அவர் தோளில் இன்னொருத்தி. கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளைத் தொடுவது அங்கே வழக்கம். கதவு வரை ஒரு வரிசை நின்றது. தியோப்பிலஸின் ஜெபம் பாதியில் நின்றுபோனது. கொண்டெய்னர் சுடத் தொடங்கியிருந்தது. அங்கிக்குள்ளே வேர்வை வழிந்து அவர் கண்ணுக்குள் இறங்கியது. பெண்களுக்கு அந்தச் சூடு பழக்கம். அவர்கள் அசையவில்லை.

"அம்மா, கையை எடுங்கோ. நான் முடிக்கோணும்," என்றார் தியோப்பிலஸ், காதோடு. இரும்புப் பெட்டிக்குள் காதோடு சொல்வது என்று ஒன்று கிடையாது. எல்லோருக்கும் கேட்டது.

"எப்பிடி எடுக்கிறதெண்டு எனக்குத் தெரியாது ஐயா," என்றார் தவமலர். குரலை உயர்த்தவில்லை. "என்ர தலையில வைச்சதை ஒருத்தரும் எனக்கு எடுத்துக் காட்டேல்லை. இந்தா நிக்கிறன். முதல்ல நீங்கள் எடுத்துக் காட்டுங்கோ, பார்த்துப் பழகிக்கொண்டு நானும் எடுக்கிறன்."

தியோப்பிலஸின் கை டிலோஜனின் தலையிலிருந்து தானாக இறங்கியது. தவமலர் தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார். இறங்கிய கை அந்தத் தலையை நோக்கி வரவில்லை. எடுப்பதற்கும் அதைத் தொடத்தானே வேண்டும். ரொஷாந்தி கண்ணைத் திறக்காமலே, "ஆமென்," என்றாள். வரிசை முழுக்க ஆமென் சொன்னது. வெளியே உலகப்பன் முதலாளியும் ஏதோ முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைகூப்பினார். டிலோஜன் எழும்பி, தலைவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு அந்த வரிசையைப் பார்த்து, "ஆமென்," என்றார். கலியாணத்தில் அவர் செய்த முதல் புத்திசாலித்தனம் அதுதான் என்று ரொஷாந்தி இப்போதும் சொல்வாள். திறப்பை யாரும் கேட்கவில்லை, அது தவமலரின் முந்தானையில் முடிந்தபடி இருந்தது.

சங்கம் வீட்டை எடுத்துக்கொண்டது. தவமலர் சாலமனின் கதிரையோடு ஜவாஹிறாவின் மேல் அறைக்கு ஏறினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலுக்கு முன் புறப்பட்டுப் போய்க் கொண்டெய்னரைத் திறக்கிறார். ரொஷாந்தி பாய் விரிக்கிறாள், ஆராதனை முடிய இடுப்பு வலிக்காரரை வரிசையில் படுக்கவைத்து வைத்தியம் பார்க்கிறாள், ஜொப்பை விடவில்லை. டிலோஜன் மாதம் ஒருமுறை திருவிருந்து கொடுக்க வருகிறார். தவமலரின் பெயர் வெள்ளவத்தையில் எந்த நியமனத்திலும் இன்னும் ஏறவில்லை. ஆனால் அந்தத் தலையிலிருந்து கையை எடுத்துக் காட்ட இன்றுவரை ஒருவரும் ஒருகொடவத்தைப் பக்கம் வரவுமில்லை.